அடுத்தவர் பொம்மையைத் தொடாதவர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கேட்கலாம் என்றால் அவர் இப்போது இல்லை. தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் நர்ஸம்மா என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். ஆஸ்பத்திரி என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தகரக் கூரைக் கட்டடத்தில் அவர் பிரசவம் பார்த்தார். அதை ஒட்டிய பிள்ளைக்காம்பராவில் நான் ஆயா. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போனதும் அவர்களுடைய கைப்பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவது, பால் மா கரைத்துக் கொடுப்பது, மூக்குத் துடைத்துவிடுவது என் வேலை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, முப்பதைத் தாண்டியிருந்தோம், இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. அவர் வேண்டாம் என்று சொன்னவர். என்னிடம் வேணுமா வேண்டாமா என்று யாரும் கேட்கவே இல்லை.

சமையல் அவருக்குச் சுத்தமாக வராது. அவர் வடித்தால் சோறு ஒன்று அரிசியாக இருக்கும், இல்லாவிட்டால் கஞ்சியாக இருக்கும். வெள்ளைச் சேலைக்கு மேல் ஆம்பிளைகள் போடும் தடித்த கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு திரிவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சின்னப் பிள்ளைகளைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார். தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கிறவர்கள் யாரும் எங்களிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பெரிய தொல்லை இருந்தது. எதைக் கேட்டாலும் இதைச் செய் என்று வாய் திறந்து சொல்ல மாட்டார். தீபாவளிக்குச் சிவப்புச் சேலை எடுக்கட்டுமா, பச்சை எடுக்கட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். கட்டப்போறது நீங்கதானே என்றார். அதற்குப் பிறகு சேலை விஷயமே அவரிடம் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

எழுபதுகளின் கடைசியில் அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு அட்டைப் பெட்டியும் கொண்டுவந்தார். அவர் முன்பு வேலை செய்த ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா இருந்தாராம். ஊருக்குத் திரும்பும்போது அந்த அட்டைப் பெட்டியை இவரிடம் விட்டுவிட்டுப் போனாராம். அதற்குள் இங்கிலீசில் ஒரு புத்தகம், எத்தனையோ முகம் வைத்த தாயக்கட்டைகள், விரல் உயரத்துக்கு ஈயப் பொம்மைகள். வாள் பிடித்த ஆட்கள், தடியூன்றிய ஒரு தாடிக்காரக் கிழவன், சிறகு முளைத்த ஒரு பெரிய ஜந்து. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்த செல்வராஜ் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உடும்புக்கு யார் இறக்கை ஒட்டினது என்று கேட்டான். அன்றிலிருந்து அது உடும்புதான்.

விளையாட்டு என்னவென்றால், நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதைக்குள் போக வேண்டும். கதையை நர்ஸம்மா சொல்லிக்கொண்டு போவார். நாங்கள் ஆளுக்கொரு பொம்மையாக அதற்குள் நடமாடுவோம். பொம்மை எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அங்கேதான் நாங்கள் நிற்கிறோம். அங்கிருந்து கண்ணுக்குத் தெரிவதுதான் எங்களுக்குத் தெரியும். சண்டை வந்தால் தாயம் உருட்ட வேண்டும். புத்தகத்தில் இருந்த கோட்டையும் அரண்மனையும் எங்களுக்குச் சரிப்படாது என்று அவர் கதையைப் பொல்பிட்டியவுக்கு மாற்றிவிட்டார். அங்கே மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுபோய்க் கரண்டு எடுக்கிறார்கள் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம், உள்ளே போய்ப் பார்த்தவர் யாருமில்லை. அந்தச் சுரங்கத்துக்குள் அவர் எங்களை அனுப்பினார். உள்ளே முனி இருந்தது, புலி இருந்தது, ரத்தம் குடிக்கும் கையளவு அட்டைகள் இருந்தன, உடும்பும் எங்கேயோ படுத்திருந்தது.

ஆஸ்பத்திரியின் பழைய படுக்கை விரிப்பு ஒன்றில், பிள்ளைகளின் வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார். அதுதான் சுரங்கம். சுருட்டிவைத்த விரிப்பை, கதைக்குள் எங்கள் ஆட்கள் பிடித்திருக்கும் லாம்பு வெளிச்சம் எட்டுகிற அளவுக்கு மட்டும் பிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்வந்து, மத்தியானம் காயத்துக்குக் கட்டுப் போடும் மேசையைக் கழுவித் துடைத்து, அதன்மேல் விரிப்பார்.

ஈயப் பொம்மைகளை அவர் எங்களுக்குத் தரவில்லை. உங்க ஆளை நீங்கதான் செய்யணும் என்றார். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டும் ஈயத்தாளில் கிழிந்த துண்டுகளைச் செல்வராஜ் ஸ்டோரிலிருந்து கொண்டுவந்தான். தீக்குச்சியில் கையும் காலும் கட்டி, ஈயத்தாளைச் சுற்றி நசுக்கி, ஊசி மருந்துப் போத்தலின் ரப்பர் மூடியில் குத்தி நிறுத்தினால் ஆள் தயார். செல்வராஜ் தன்னைவிட இரண்டு மடங்கு மீசை வைத்த ஒருவனைச் செய்தான். தோட்டத்து லொறி ஓட்டும் சிங்களவன் பியதாச ஒரு லொறியைச் செய்துகொண்டு வந்தான். நர்ஸம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சுரங்கத்தின் வாய் ஒடுக்கம், லொறி போகாது என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவன் லொறியோடு வீட்டுக்குத் திரும்பினான். அடுத்த ஞாயிறு ஸ்டியரிங்கை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆளோடு வந்தான். நான் கோட்டுப் போட்டு, கம்பு வைத்து வேலை வாங்கும் ஒரு பொம்பிளைக் கங்காணியைச் செய்தேன். அப்படி ஒருத்தி எந்தத் தோட்டத்திலும் இருந்ததில்லை. பிறகு என்ன, செய்வதுதான் செய்கிறோம்.

விளையாடத் தொடங்கிய முதல் நாள் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். விரிப்பை விரித்து, சுரங்கத்தின் வாசலில் நிற்கிறீங்க, உங்க ஆளுங்கள வைங்க என்றார். நாங்கள் மூன்று பேரும் பொம்மைகளை வரிசையாக, தோளோடு தோள் ஒட்ட, அவரைப் பார்த்தபடி நிறுத்தினோம். நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். அவரும் காத்திருந்தார். தேத்தண்ணி வந்தது, குடித்து முடித்தோம். கடைசியில் செல்வராஜ்தான் மெல்ல, எங்கள எந்தப் பக்கம் அனுப்பப் போறீங்க நர்ஸம்மா என்று கேட்டான். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விடிந்தும் விடியாமலும் பெரட்டுக் களத்தில் வரிசை நின்று, நீ இந்த மலைக்குப் போ, நீ அந்த மலைக்குப் போ என்று கங்காணி பிரித்துவிடக் கேட்டுப் பழகிய சனம் நாங்கள். பொம்மையையும் பெரட்டில் நிறுத்திவிட்டோம்.

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "இங்க நான் கங்காணி இல்ல. அவங்கவங்க ஆள அவங்கவங்கதான் நகத்தணும்" என்றார். அன்றைக்கு யாரும் நகர்த்தவில்லை. அடுத்த ஞாயிறும் வாசலிலேயே நின்றோம். வேறு யாராவது இருந்தால் அலுத்துப்போய், சரி, வலப்பக்கம் போங்கள் என்று சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. பியதாசதான் பொறுக்க முடியாமல், ஹரி என்று சிங்களத்தில் சரி சொல்லி, நான் போறது என்று ஸ்டியரிங்காரனை ஒரு கட்டம் முன்னால் தள்ளினான். அந்த ஒரு கட்டத்துக்கு நர்ஸம்மாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை ஒரு தலைப்பிள்ளைப் பிரசவத்தில்தான் நான் பார்த்திருக்கிறேன்.

முனி, புலி, உடும்பு, இவை மட்டும்தான் அவர் கை படும் பொம்மைகள். எங்கள் பொம்மைகள் தடுக்கி விழுந்தால்கூட நிமிர்த்தி வைக்க மாட்டார். ஒரு தடவை செல்வராஜுக்கு அம்மை போட்டுவிட்டது. அவனுடைய மீசைக்காரன் ஒரே ஓர் ஆள் போகக்கூடிய ஒடுக்கத்தில் நட்ட நடுவே நின்றுகொண்டிருந்தான். அவனை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நாம் போவோம் என்று பியதாசவும் நானும் கெஞ்சினோம். அவர் வரட்டும் என்றார். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அவன் வருகிற வரைக்கும் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, அந்த மீசையைப் பார்த்துக்கொண்டு கடலை தின்றோம்.

ஒருநாள் தோட்டத்தை நடத்தும் தொரை ஆஸ்பத்திரியைப் பார்க்க வந்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு வந்த இளவயதுத் தொரை. நாங்கள் மூவரும் எழும்பிச் சுவரோடு ஒட்டி நின்றோம். அவர் மேசையைப் பார்த்துச் சிரித்து, செல்வராஜின் மீசைக்காரனை இரண்டு விரலால் தூக்கி, புலிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். நர்ஸம்மா இங்கிலீசில் ஏதோ சொன்னார். ப்ளீஸ் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. தொரையின் சிரிப்பு நின்றுவிட்டது. பொம்மையை எடுத்துப் பழைய இடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நர்ஸம்மா மறுபடியும் ஏதோ சொல்லி, விரலால் சரியான கட்டத்தைக் காட்டினார். தொரை அதிலே வைத்துவிட்டு வெளியே போனார். அந்த வருஷத்து மழைக்கு ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகிக்கொண்டே இருந்தது, ஒட்டுப் போடத் தொரை ஆள் அனுப்பவில்லை. அவர் வாளியை ஒழுகும் இடத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். பயமே இல்லாத பொம்பிளை என்று அன்றைக்கு அவரைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

பிரசவ அறையிலும் அதே கதைதான். வலியில் கிடப்பவளிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பார். மாமியார் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். நான் இவங்களத்தான் கேட்டேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் வாய் திறக்கும்வரை நிற்பார். எப்படிப் படுத்தால் தோதாக இருக்கும் என்பதையும் அவளிடமே கேட்பார். வாழ்நாளில் ஒரு தரம்கூடத் தன்னிடம் கேள்வி கேட்கப்படாத பெண்கள், அந்த நேரத்தில் திகைத்துப்போய் அவரைப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன். அண்ணி வந்த பிறகும் எனக்குச் சோற்றில் குறை வைத்ததில்லை, குத்திப் பேசியதில்லை. அந்தக் காலத்தில் தோட்டத்துச் சனத்தில் பலருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடையாது, லயத்துக்கு லயம் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் எழுதியிருந்தான். எண்பதுகள் பிறந்த கையோடு அவனுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் வந்துவிட்டது. என் பெயரையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தான். நான் தனி ஆள் என்பதால் கண்டி ஆபீசுக்குப் போய் நானே ஒரு கையெழுத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். வைத்தால் இந்தியா. வைக்காவிட்டால் அண்ணன் போய்விடுவான், நான் எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாமல் தோட்டத்தில் தனியாகக் கிடப்பேன். முந்திய கலவரத்தில் எங்களுக்குக் கீழேயிருந்த லயம் எரிந்ததை நான் கண்ணால் பார்த்தவள். ஆனாலும் எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிறந்த இடம், பிள்ளைக்காம்பராப் பிள்ளைகள், குளிர், எல்லாம்தான். யாரும் கேட்காததால் அந்தப் பதிலை நான் தயார் செய்திருக்கவுமில்லை.

ஒரு சாயந்திரம் நர்ஸம்மாவிடம் போய், போகட்டுமா, இருக்கட்டுமா, நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்கிறேன் என்றேன். போனால் எதற்குப் பயப்படுகிறேன், இருந்தால் எதற்குப் பயப்படுகிறேன் என்று கேட்டார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டு, தேத்தண்ணி குடிங்க என்றார். எனக்கு வந்த கோபத்தில் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். சேலை மாதிரியா இது. ஒரு வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா. அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. என் கங்காணியை யாரும் தொடாமல், மூவரும் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கலைந்தார்களாம்.

அதற்கடுத்த ஞாயிறு போனேன். கோபம் போயிருக்கவில்லை, வீட்டில் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. விளையாட்டுப் பாதியில் அண்ணன் வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். அவனுடைய மூன்று பிள்ளைகளுக்கும் தொப்புள்கொடி அறுத்தவர் நர்ஸம்மா, அவர் மேல் அவனுக்குச் சாமி மாதிரி மரியாதை.

"நர்ஸம்மா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. செவ்வாக்கெழம கண்டிக்குப் போவணும். இவ ஒரு மாதிரியா இருக்கா. நீங்க சொன்னா கேப்பா" என்றான்.

"அவங்க இங்கதானே இருக்காங்க. அவங்களயே கேளுங்க."

"அவள என்னங்கம்மா கேக்குறது. கூடப் பொறந்தவ."

பியதாச தாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். அண்ணன் தொப்பியைத் திருகினான். பிறகு என் பக்கம் திரும்பினான். எனக்கு நினைவு தெரிந்து அவன் என்னை எதுவும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றாததற்குக் காரணம் அன்புதான், வேறொன்றுமில்லை.

"நீ என்னம்மா சொல்ற?"

நான் நர்ஸம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணசைவு கிடைத்தால் போதும் என்றிருந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு இரண்டாவது தடவையும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தது என்று நினைக்கிறேன்.

"நான் வரலண்ணே" என்றேன்.

சத்தம் போடுவான் என்று நினைத்தேன். அவன் நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா என்றான். நீ கேக்கலியேண்ணே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, சொல்லவில்லை. அவன் அழுததை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அட்டன் ஸ்டேஷனில் அவர்களைக் கப்பலுக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிட்டேன். இந்தியாவுக்குச் சனம் போகிற கோச்சி கிளம்பும்போது அந்த ஸ்டேஷனில் எழும் அழுகையைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். சின்னவன் ஜன்னல் கம்பிக்குள்ளால் கையை விட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான். அண்ணி அவன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு அண்ணனை நான் பார்க்கவில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவன் செத்துப்போன செய்தி, காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

அவன் கோச்சி ஏறிப்போய் அதிக காலம் ஆகவில்லை, எண்பத்து மூன்று கலவரம் வந்தது. டவுனில் தமிழர் கடைகள் எரிகிற புகை மலைக்கு மேலே தெரிந்தது. பியதாச லொறியில் பிள்ளைகளையும் கிழவிகளையும் ஏற்றி மேல் டிவிசனுக்குக் கொண்டுபோய்விட்டு, திரும்பி வந்து ஆஸ்பத்திரிப் படியில் குந்தியிருந்தான். யாராவது அடிக்க வந்தால் முதலில் தன் முகத்தைப் பார்க்கட்டும் என்றான். நர்ஸம்மாவும் நானும் பிரசவம் ஆகிக் கிடந்த ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய்த் தேயிலைக்குள் படுக்கவைத்துக் காவல் இருந்தோம். பகலெல்லாம் மழை தூறிக்கொண்டிருந்தது. என் காலில் அட்டை ஏறியிருந்தது, பிடுங்கி எறியக்கூட மனசில்லை. அண்ணனோடு போயிருந்தால் இந்நேரம் பிள்ளைகளோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பேன் என்ற நினைப்பு வந்தது. வந்ததும் இவர் மேல் எரிச்சலாகத் திரும்பியது.

"அன்னிக்கு நீங்க போங்கனு சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

அவர் பெண்ணின் மேல் போட்டிருந்த சாக்கை இழுத்துவிட்டார்.

"இருங்கனு சொல்லத்தான் எனக்கு வாய் வந்துச்சு" என்றார். "நீங்க போயிருவீங்கனு நெனச்சு அந்த மாசம் முழுக்க எனக்குச் சோறு எறங்கல. அண்ணன் கேட்டப்ப என் மொகத்தப் பாத்தா உங்களுக்குத் தெரிஞ்சு போயிரும். அதான் திரும்பிக்கிட்டேன்."

மழையில் அவருடைய கம்பளிச் சட்டை ஊறிக் கனத்துத் தொங்கியது. எனக்காக வாயை அடக்கிக்கொண்டு ஒரு மாதம் பட்டினி கிடந்த ஒருவரை, இரக்கமே இல்லாதவர் என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் அந்த இடத்திலேயே விட்டுப்போனது. விட்டதும் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. யாருக்கும் கேட்கக் கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அவர் நகர்ந்து வந்து என் பக்கத்தில் ஈர மண்ணில் உட்கார்ந்தார். நான் அழுது முடிக்கும்வரை அப்படியே இருந்தார். அழாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.